நாலு வயசுக்குப் பண்டிகை வேண்டுமா?

கேள்வி, 12 ஜூலை 2024

மகனுக்கு நாலு வயசு. திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி சேலம் வந்திருக்கிறோம். எந்தப் பண்டிகை வந்தாலும் வீட்டில் அழுகைதான். புதுச்சட்டை குத்துகிறது, கோவிலில் கூட்டம், வெடிச்சத்தம், படைத்த பிறகுதான் சாப்பாடு என்றால் பசி. எங்களுக்கும் அலைச்சல்தான் மிச்சம். எட்டு வயசு ஆகிறவரை பண்டிகையைப் பெரியவர்களோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

12 ஜூலை 2024, இரவு

மறுக்கிறேன்.

எங்கள் வீட்டிலும் ஒரு நாலு வயசு இருக்கிறது. பெண். அம்மாபேட்டையில் குடியிருக்கிறோம். பண்டிகை நாள் குழந்தையைப் படுத்தும் என்பதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. விடியற்காலை எண்ணெய்க் குளியலில் ஆரம்பித்து ராத்திரி கோவில் வரிசை வரைக்கும் எல்லாம் பெரியவர்கள் போட்ட நேரம். ஆனால் குழந்தைக்குப் பண்டிகை என்பது முந்தின நாள். மாவு பிசைகிற நாள், தோரணம் கட்டுகிற நாள், கடைவீதியில் பூவும் பழமும் வாங்கி வருகிற நாள். அன்றைக்கு "ஆடாமல் உட்கார்" என்று யாரும் சொல்வதில்லை. வீடே கலைந்து கிடக்கும், கீழே உட்கார்ந்து எதையாவது தொட்டுக்கொண்டிருக்கலாம், கேட்டால் வேலை கிடைக்கும்.

வரும் புதன்கிழமை ஆடி ஒண்ணு. இந்தப் பக்கத்தில் அன்றைக்குத் தேங்காய் சுடுவோம். மகனோடு உட்கார்ந்து செய்து பாருங்கள், அப்புறம் உங்கள் கட்சியைப் பற்றிப் பேசலாம்.

13 ஜூலை 2024

எப்படிச் சுடுவது என்று கேட்டிருக்கிறார். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர், தர்மபுரிப் பக்கம் ஆடி முதல் நாள் வீட்டுக்கு வீடு நடப்பது இது. தேங்காயை நார் முழுக்க உரித்து, ஓட்டில் ஒட்டியிருக்கிற பிசிறைத் தரையில் தேய்த்து வழவழவென்று ஆக்க வேண்டும். மூன்று கண்ணில் ஒன்றுதான் மெத்தென்று இருக்கும். அதைக் குடைந்து தண்ணீரை டம்ளரில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். வறுத்த பச்சைப்பயறு, எள், பொட்டுக்கடலை, அவல், பொடித்த வெல்லம் எல்லாம் கலந்து அந்த ஓட்டை வழியாகவே உள்ளே போடணும். பிடித்த தண்ணீரில் கொஞ்சத்தைத் திரும்ப ஊற்றுங்கள், அப்போதுதான் பயறு வேகும். அழிஞ்சில் குச்சியின் முனையைச் சீவி ஓட்டையில் இறுகச் செருகி, ஓட்டின் மேல் மஞ்சள் பூசி, குச்சியைப் பிடித்தபடி நெருப்பில் திருப்பித் திருப்பிக் காட்டணும். ஓடு கறுத்து வெடிப்பு விட்டு, வெல்லமும் தேங்காயும் சேர்ந்து வேகிற வாசம் வந்தால் ஆயிற்று. பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைத்துச் சாப்பிட வேண்டியதுதான். குச்சி இந்த வாரம் கடைவீதியில் கட்டுக்கட்டாக வந்திருக்கும், தேட வேண்டாம்.

குழந்தைக்கு வேலை எங்கே என்றால், முதலில் அந்தத் தேய்ப்பு. செவ்வாய்க்கிழமையே தேங்காயைக் கையில் கொடுத்து வாசல் சிமெண்டுத் தரையில் உருட்டித் தேய்க்க விடுங்கள். "கர்ர் கர்ர்" என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், அதற்காகவே விடமாட்டார்கள். அப்புறம் உள்ளே திணிப்பது. ஓட்டை சின்னது, நம் விரலுக்கு அது ஒத்துவராது. குழந்தை விரல் சரியாகப் போகும். ஒவ்வொரு பொட்டுக்கடலையாகப் போட்டு, காதுக்குப் பக்கத்தில் தேங்காயை ஆட்டிப் பார்த்து, திரும்ப ஒன்று போடுவார்கள். அவசரப்படுத்தாதீர்கள்.

நெருப்புப் பக்கம் தனியாக விடவே கூடாது. பின்னால் உட்கார்ந்து அவர்கள் கையின் மேல் நம் கையை வைத்துக் குச்சியைப் பிடிக்கணும். வெடிப்பு விடும்போது உள்ளே கொதிக்கிற தண்ணீர் பீச்சும், அந்த நேரம் குழந்தை தள்ளி நிற்கட்டும்.

17 ஜூலை 2024

மொகரம் விடுமுறையும் சேர்ந்ததில் இன்றைக்கு எங்கள் தெருவில் பிள்ளைகள் எல்லாம் வீட்டில்தான். வாசலுக்கு வாசல் புகை.

எங்கள் வீட்டில் நேற்று சாயங்காலமே ஒரு சிக்கல். நார் உரித்த தேங்காயைப் பார்த்தவள் "இதுக்கு மூஞ்சி இருக்குப்பா" என்றாள். பார்த்தால் இருக்கத்தான் செய்கிறது, இரண்டு கண், ஒரு வாய். அதில் நான் கத்தி முனையை வைத்துக் குடையப் போகிறேன். "குத்தாதீங்க, வலிக்கும்" என்று தேங்காயை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் சமாதானம் சொல்லச் சொல்ல இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

எங்க அம்மா, அவளுக்கு ஆயா, வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "அது பசியா இருக்கு கண்ணு. வாய் ஒட்டிக்கிட்டு இருக்கு. திறந்துவிட்டா நீ ஊட்டிவிடலாம்" என்றார். உடனே கைக்கு வந்துவிட்டது தேங்காய். வாயைத் திறந்தோம். அவள் ஊட்டினாள். எள்ளு கொஞ்சம், கடலை கொஞ்சம், நடுவில் "தண்ணி குடி" என்று ஒரு வாய் தண்ணீர். ஊட்டி முடித்து முந்தானை மாதிரி துண்டைச் சுற்றித் தூங்கவும் வைத்தாள்.

சரி, காலையில் அதையே நெருப்பில் காட்டணுமே. எனக்கு ராத்திரி முழுக்க இதே யோசனை. அம்மா அதற்கும் பதில் வைத்திருந்தார். "ராத்திரி பூரா குளிர்ல கிடந்துச்சு, குளிர் காயட்டும்." அவ்வளவுதான். குச்சியைத் திருப்பத் திருப்ப "இந்தப் பக்கம் காய்ஞ்சிருச்சா, அந்தப் பக்கம்" என்று தேங்காயிடமே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உடைத்த பிறகு முதல் ஆளாகச் சாப்பிட்டதும் அவள்தான். அது என்ன கணக்கு என்று நான் கேட்கவில்லை.

18 ஜூலை 2024

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். அடுக்குமாடியில் நெருப்பு மூட்ட இடமில்லாமல் கேஸ் அடுப்பில் சுட்டார்களாம், மகன் இன்றைக்கும் கேட்கிறானாம். கேஸில் சுட்டால் கரி வாசம் வராது, மற்றபடி ஒன்றும் குறைவில்லை. இன்றைக்குக் கேட்டால் இன்றைக்கும் சுட்டுக் கொடுங்கள். ஆடி இரண்டாம் தேதி சுட்டால் பிள்ளையார் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

19 ஜூலை 2024

ஒருவர் இதன் கதையைக் குழந்தைக்குச் சொல்லித்தர வேண்டாமா என்கிறார். பாரதப் போர் ஆடி ஒன்றில் தொடங்கிப் பதினெட்டில் முடிந்தது, தர்மம் ஜெயிக்க வேண்டித் தேங்காய் சுட்டுப் படைத்தார்கள் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். நானும் சொன்னேன். பாண்டவர்கள், கௌரவர்கள், கிருஷ்ணர் என்று எல்லாரையும் கொண்டுவந்தேன். கவனமாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள். "பதினெட்டு நாளும் தேங்காயே சாப்பிட்டாங்களா?"

கதை இன்னும் இரண்டு வருஷம் பொறுக்கும் என்று நினைக்கிறேன். கையில் வேலை முதலில் வரட்டும். எனக்கே இந்தக் கதை தெரிந்தது பெரியவனான பிறகுதான். அதற்கு முன்னாலேயே தேங்காய் தேய்த்தவன்தான் நானும்.

14 ஆகஸ்ட் 2024

கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா பற்றி எழுதாமல் இருக்க முடியாது. சேலத்துக்குப் பெரிய பண்டிகை எது என்று கேட்டால் தீபாவளி என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள், உள்ளூர்க்காரர்கள் ஆடி என்பார்கள். பூச்சாட்டு, கம்பம் நடுதல், பொங்கல் என்று ஊரில் இருக்கிற மாரியம்மன் கோவில்கள் எல்லாம் ஒரே சமயத்தில் எழும்பும். மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவார்கள். குகைப் பகுதியிலும் எங்கள் அம்மாபேட்டையிலும் வண்டி வேடிக்கை. வண்டியைப் பூவாலும் சீரியல் விளக்காலும் சோடித்து, ஆட்கள் சாமி வேஷம் போட்டு அதில் ஏறி வருவார்கள்.

அது ராத்திரி விஷயம். மேளம், கூட்டம், கண்ணைப் பறிக்கிற வெளிச்சம். போன வருஷம் தோளில் தூக்கிக்கொண்டு போனேன், முதல் வண்டி வருவதற்குள் என் தலைமேல் கன்னத்தை வைத்துத் தூங்கிவிட்டாள்.

அதனால் போன வாரம் மத்தியானமே கூட்டிக்கொண்டு போனேன். வண்டி சோடிக்கிற தெரு. ஒரு பக்கம் மூங்கிலும் தெர்மாகோலும், இன்னொரு பக்கம் மூட்டை மூட்டையாகச் செவ்வந்தி. ஒருவர் அவளிடம் நூல்கண்டைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அவர் இழுக்க இழுக்க இவள் விட்டுக்கொண்டே இருந்தாள், அதுதான் வேலை. சாயங்காலம் ஆக ஆக வேஷம் போட்டவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். முருகன் வேஷக்காரர் திண்ணையில் உட்கார்ந்து, கிரீடத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு, டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். என் மகள் அப்படியே நின்றுவிட்டாள். "அப்பா, முருகன் டீ குடிக்கிறார்." அவர் காதில் விழுந்துவிட்டது. தட்டிலிருந்த பிஸ்கட்டில் ஒன்றை எடுத்து நீட்டினார். நெற்றியில் பட்டை, கழுத்தில் கவரிங் மாலை, கையில் பால் பிஸ்கட்.

வீட்டுக்கு வந்து பூஜை அறையில் இருக்கிற முருகன் படத்தின் முன்னால் நின்று "தேங்க்ஸ்" என்றாள். ராத்திரி ஊர்வலத்துக்கு அவளை எழுப்பவில்லை. அவள் பார்த்ததைவிடப் பெரிதாக எதுவும் அங்கே நடந்துவிடப் போவதில்லை.

16 ஆகஸ்ட் 2024

வேஷம் போட்டவரைச் சாதாரணமாகப் பார்த்துவிட்டால் குழந்தைக்குச் சாமி மேல் பக்தி போய்விடாதா என்று ஒருவர் கவலைப்படுகிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பயம் போயிற்று, அது நல்லதுதான். இப்போது முருகன் அவளுக்குத் தெரிந்தவர். தினமும் டீ குடித்தாரா என்று விசாரிக்கிறாள்.

6 செப்டம்பர் 2024

நாளைக்குப் பிள்ளையார் சதுர்த்தி. களிமண் பிள்ளையார் வாங்க இப்போதுதான் போய்வந்தோம். அச்சில் மண்ணை அடைத்துத் தட்டி எடுக்கிறதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் நேரம் போனதே தெரியவில்லை. எடுத்தவுடன் கண்ணுக்குக் குன்றிமணி வைப்பார்கள். "இன்னும் கண்ணு வெக்கல, அவருக்கு நாம தெரியமாட்டோம்" என்று மெதுவாகப் பேசினாள். வைத்தவுடன் குனிந்து முகத்தைக் காட்டினாள்.

எருக்கம்பூ மாலையும் குடையும் அவள் பொறுப்பு. குடையை வழியெல்லாம் அவளே பிடித்துக்கொண்டு வந்தாள், பிள்ளையாருக்கு வெயில் படக் கூடாதாம். கொழுக்கட்டை மாவு காலையில்.

9 செப்டம்பர் 2024

காரசாரமாக ஒரு பதில் வந்திருக்கிறது. குழந்தை இஷ்டத்துக்குப் பண்டிகையை வளைத்தால் பெரியவர்களுக்கு என்ன மரியாதை, பொறுமையாக உட்காரப் பழக்க வேண்டாமா என்று. நியாயமான கேள்வி.

எல்லாவற்றையும் விட்டுவிடச் சொல்லவில்லை. பண்டிகை அன்று எங்கள் வீட்டில் அவளுக்குத் தப்பிக்க முடியாத கடமைகள் உண்டு. ஆயா, தாத்தா காலில் விழுவது. தீபாராதனை காட்டும்போது கூட நின்று கும்பிடுவது. பலகாரத் தட்டை அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொண்டு போவது. இந்தக் கடைசி வேலை அவளுக்கு ரொம்பப் பிடித்தது. காரணம் இருக்கிறது. எங்கள் தெருவில் யாரும் தட்டை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டார்கள். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். கொழுக்கட்டை கொண்டு போனால் வாழைப்பழம் வருகிறது, முறுக்கு போனால் அதிரசம். ரம்ஜானுக்கு எதிர்வீட்டு பாய் பிரியாணி கொடுத்தனுப்பினார், நாங்கள் பாத்திரத்தில் மாம்பழம் போட்டு அனுப்பினோம். அந்தப் பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, நாக்கைத் துருத்திக்கொண்டு, அவள் தெருவைக் கடந்ததைப் பார்த்திருக்க வேண்டும்.

பொறுமை அங்கேதான் வருகிறது என்று நினைக்கிறேன். சிந்தாமல் கொண்டு போய்ச் சேர்க்க வேண்டுமே. சும்மா உட்கார்ந்து கைகட்டி வருகிற பொறுமையைவிட இது மேல்.

11 அக்டோபர் 2024

ஆயுத பூஜை. அவளுடைய மூணுசக்கர வண்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைத்தோம். என் வண்டி ஏறியதும் பழம் நசுங்கிற்று. அவள் வண்டி ஏறியதும் பழம் உருண்டு ஓடிவிட்டது. திரும்ப வைத்தோம், திரும்ப ஓடியது. தெருப் பிள்ளைகள் எல்லாம் கூடிப் பழத்தைத் துரத்தினார்கள். கடைசியில் தாத்தா அவளை வண்டியோடு அழுத்திப் பிடித்து ஏற்றினார். பொரி, கடலை விநியோகம் நடந்துகொண்டிருக்கிறது, இதை எழுதுகிற மேசையிலும் ஒரு குவியல்.

30 அக்டோபர் 2024

நாளைக்குத் தீபாவளி. புது உடை குத்துவது பற்றி முதலிலேயே கேட்டிருந்தீர்கள், இப்போதுதான் நினைவு வந்தது.

சரிகைக் கரை உள்பக்கம் உறுத்தும். பழைய பருத்தி பனியனை உள்ளே போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். இன்னொன்று, புதுத்துணி ஓரத்தில் மஞ்சள் வைப்பதை அவளிடமே விட்டுவிட்டோம். தன் பாவாடையில் தொடங்கி என் சட்டை, தாத்தா வேட்டி, பொம்மை, செருப்பு, பள்ளிக்கூடப் பை எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டாள். பூனை கிடைத்திருந்தால் அதற்கும் வைத்திருப்பாள். தான் மஞ்சள் வைத்த துணி என்பதால் போட்டுக்கொள்ளச் சண்டையே இல்லை.

1 நவம்பர் 2024

வெடிச்சத்தம் பற்றி. இப்போது நேரக் கட்டுப்பாடு இருப்பதால் பிழைத்தோம். 2018-இல் உச்ச நீதிமன்றம் இரண்டு மணி நேரம் என்று சொன்ன பிறகு, நம் மாநிலத்தில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று ஆயிற்று. தெருவில் எல்லாரும் அதன்படியே நடக்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் பெரிய சத்தம் எப்போது வரும் என்று ஓரளவு தெரிகிறது. அந்த நேரம் உள்ளறையில், கதவைச் சாத்திக்கொண்டு, ஆயா மடி.

எட்டு மணிக்கு மேல் ஓய்ந்த பிறகு வாசலில் கம்பி மத்தாப்பு. இதில் ஒரு விஷயம். எரியும்போது அந்தக் கம்பி பயங்கரச் சூடு, அணைந்த பிறகும் சூடு அப்படியே இருக்கும், குழந்தை அதை மிதித்தால் வெந்துபோகும். அதனால் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் கட்டாயம். மத்தாப்பை நான் பிடித்துக்கொள்கிறேன், வாளிக்குக் காவல் அவள். ஒரு தப்படி தள்ளி நின்று, மத்தாப்பு எரிந்து முடிந்ததும் "போடு!" என்று கத்தணும். நான் கம்பியை வாளியில் போட்டதும் "சொய்ங்" என்று ஒரு சத்தம், மெல்லிய ஆவி. அவ்வளவு ஆனந்தம் அவளுக்கு! கடைசிக் கடைசியாக மத்தாப்பு எரிவதையே அவள் பார்க்கவில்லை. எப்போது முடியும், எப்போது "சொய்ங்" வரும் என்று வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாங்கி வந்த சங்குசக்கரமும் புஸ்வாணமும் கேட்பாரற்றுக் கிடந்தன.

காலையில் தெருவில் கிடந்த வெடிக் காகிதங்களைக் கலர் கலராகப் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். வெடிக்காத மருந்து கலந்திருக்கும், அதனால் தாத்தா முதலில் பார்த்துவிட்டுத்தான் அவள் கைக்குப் போகிறது. முந்தின நாள்தான் பண்டிகை என்று எழுதினேன் அல்லவா, அதோடு மறுநாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

5 நவம்பர் 2024

"மூன்று நாலு வயசில் நடந்தது எதுவும் பெரியவர்களான பிறகு நினைவில் நிற்காது, யாருக்காக இவ்வளவு?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உண்மைதான். மூன்று வயசுக்கு முந்தினது பெரும்பாலானவர்களுக்கு நினைவில் இருப்பதில்லை, நாலு வயசு என்பது எல்லையில் நிற்கிறது. முருகன் கொடுத்த பிஸ்கட் அவளுக்கு நாளைக்கு ஞாபகம் இருக்குமா என்று தெரியாது.

ஆனாலும் நான் இரண்டு மாதிரி யோசிக்கிறேன். ஒன்று, நினைவு போனாலும் பழக்கம் தங்கும். தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பதை எனக்கு யார் எப்போது சொன்னார்கள் என்று தெரியாது, ஆனால் என் கை வெறும் தட்டைத் திருப்பாது. இரண்டாவது, எனக்கு ஞாபகம் இருக்கப்போகிறது. அவள் நாலு வயசில் எப்படி இருந்தாள் என்பதை அவளுக்குச் சொல்ல யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். சந்தோஷமான வேலை.

14 டிசம்பர் 2024

நேற்றுக் கார்த்திகை தீபம். மாவளி சுற்றினோம். இன்றைக்கு எத்தனை வீட்டில் இது தெரியும் என்று தெரியவில்லை, அதனால் எழுதிவைக்கிறேன். பனையின் ஆண் பூக்கதிரைக் காயவைத்துக் கரியாக்கி, இடித்துத் தூளாக்கி, பருத்தித் துணியில் நீளமாகச் சுருட்டி இறுகக் கட்டணும். அதைப் பிளந்த பனைமட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டி, கயிறு போட்டு, நுனியில் நெருப்பு வைத்துத் தலைக்கு மேல் சுற்றினால் பொறி வட்டம் வட்டமாகப் பறக்கும். மழைக்காலத்தில் கரி ஈரம் வாங்கிவிடும், டப்பாவில் போட்டு இறுக மூடி வைக்கணும்.

கரி இடிக்கிற நாள் அவளுடைய நாள். சின்ன இடிகல்லில் அவளுக்கென்று ஒரு பிடி கொடுத்தோம். முடிக்கும்போது பல்லும் கண்ணும் மட்டும்தான் வெள்ளை. மாடிப்படிச் சுவரில் ஐந்து விரலும் பதிந்த கறுப்புக் கை ஒன்று இருக்கிறது. என் மனைவி பொங்கல் வெள்ளையடிப்பில் அந்த ஒரு இடத்தை விட்டுவிடப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். சுற்றியது நான். இவள் திண்ணையில் தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு "இன்னும் வேகமா" என்று எனக்கு உத்தரவு.

26 டிசம்பர் 2024

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஏற்காடு போயிருந்தோம், மனைவியின் பெரியம்மா வீடு அங்கே. மலை ஏறும்போது குழந்தைக்கு வாந்தி வருமே என்று சிலர் கேட்பதுண்டு. வெறும் வயிற்றிலும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். எங்களுக்கு உதவியது கொண்டை ஊசி வளைவுகளின் எண் பலகை. மொத்தம் 20 வளைவு, ஒவ்வொன்றிலும் எண் போட்டிருக்கும். அவற்றைத் தேடிப் படித்துக்கொண்டே வந்ததில் பார்வை வெளியிலேயே இருந்தது, வயிறும் பேசாமல் இருந்தது. 20 வரை எண்ணத் தெரியாதவள் ஏற்காட்டு ஒண்டிக்கடை நிறுத்தம் போய்ச் சேர்வதற்குள் கற்றுக்கொண்டாள். இறங்கும்போது தலைகீழாக எண்ணச் சொன்னேன், பதினேழில் தூங்கிவிட்டாள்.

மேலே இப்போது காப்பிப் பழம் பறிக்கிற காலம். களத்தில் காயப் போட்டிருப்பதைக் காலால் கிளறிவிட அவளையும் சேர்த்துக்கொண்டார்கள்.

பெரியம்மாவின் பக்கத்து வீடு கிறிஸ்தவக் குடும்பம். 24-ஆம் தேதி குடில் கட்டிக்கொண்டிருந்தார்கள். வைக்கோல், பாறையில் உரித்த பாசி, மண் பொம்மைகள். அந்த வீட்டு அக்கா இவளிடம் ஆடுகளைக் கொடுத்து வைக்கச் சொன்னார். எல்லாவற்றையும் வைத்துவிட்டுத் தன் பையிலிருந்து ஒரு மர யானையை எடுத்து, கழுதைக்குப் பின்னால் நிறுத்தினாள். நான் எடுக்கப் போனேன். "இருக்கட்டும் தம்பி, அதுவும் பார்க்க வந்திருக்கு" என்று அந்த அக்கா தடுத்துவிட்டார். தீவனத் தொட்டி காலியாக இருந்தது. "பாப்பா எங்க?" என்று கேட்டாள். நடு ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் பிறக்கும், அதுவரை எல்லாரும் காத்திருக்கணும் என்றார்கள். "யானையுமா?" "யானையும்தான்." அதற்கப்புறம் சாப்பிடக் கூப்பிட்டும் நெடுநேரம் யானைக்குத் துணையாக அங்கேயே உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் என்று ஜூலையில் நான் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி எழுதினேன். அந்த வீட்டில் அதை முறையாகவே வைத்திருக்கிறார்கள்.

யானை இன்னும் ஏற்காட்டில்தான் இருக்கிறது. குடில் பிரிக்கிறவரை இருக்கட்டும் என்று விட்டுவிட்டு வந்தோம்.

12 ஜனவரி 2025

நாளைக்குப் போகி, சாயங்காலம் காப்புக்கட்டு. பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை, மூன்றையும் சேர்த்துச் சின்னக் கொத்தாகக் கட்டி வீட்டு நிலை, கூரை, தொழுவம், வண்டி, வயல் என்று செருகுவார்கள். குழந்தைக்கு இதைவிடத் தோதான பண்டிகை வேலை கிடையாது. நெருப்பு இல்லை, சூடு இல்லை, உடையாது, சிந்தாது.

ஒரே ஒரு யோசனை, கொத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டு எங்கே செருகுவது என்பதை அவர்களிடமே விடுங்கள். போன வருஷம் எங்கள் வீட்டில் பிரிட்ஜ் கைப்பிடி, கேஸ் சிலிண்டர், தாத்தாவின் கண்ணாடிக் கூடு, மூணுசக்கர வண்டி எல்லாவற்றுக்கும் காப்பு ஆயிற்று. நிலைக்கு மட்டும் கை எட்டவில்லை, தூக்கிப் பிடித்தேன்.

13 ஜனவரி 2025

கேள்வி கேட்டவர் இன்று காலையில் எழுதியிருக்கிறார். மகன் ஆறு மணிக்கே எழுந்து "இன்னைக்கு என்ன வேலை?" என்று கேட்கிறானாம், பூளைப்பூ எங்கே கிடைக்கும் என்கிறார். அம்மாபேட்டை உழவர் சந்தைப் பக்கம் பாருங்கள், இல்லாவிட்டால் வ.உ.சி. பூ மார்க்கெட். மத்தியானத்துக்குள் போய்விடுங்கள், அதற்கு மேல் போனால் வதங்கினதுதான் மிச்சமிருக்கும். கொத்து ரெண்டு கூடவே வாங்குங்கள். பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.